பஸ்ஸை விட்டுட்டீங்களா, டீச்சர்?

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில், அரசு உயர்நிலைப் பள்ளிக் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாலை நாலு மணிக்கு என் கையில் மைக் கொடுத்திருக்கிறார்கள். காலையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துப்போனவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கும் பிடித்திருக்கிறது. "நீங்க ஓடக் கத்துக்கிட்ட கதையைச் சொல்லுங்க" என்று கருத்தாளர் சார் கேட்டார். ஓடிய கதையைவிட, ஓட முடியாமல் நின்ற கதைதான் என்னிடம் அதிகம் இருக்கிறது. பரவாயில்லை என்றால் கேளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதம். எனக்கு அப்போது 44 வயது. பத்தாம் வகுப்பை இரண்டாவது மாடிக்கு மாற்றியிருந்தார்கள். மேலே ஏறிப் போனதும் உடனே பாடத்தைத் தொடங்க முடியாது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, தேதியும் பாடத்தலைப்பும் மிக மெதுவாக எழுதுவேன். மூச்சு வாங்குவது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதே! அந்த மாதம் ஒரு மருத்துவ முகாமில் ரத்தம் கொடுத்ததில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று மருத்துவர் சொன்னார். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், உடம்பை அசையுங்கள் என்றார். "நாள் முழுக்க நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன் டாக்டர்?" என்று கேட்டேன். "நிக்கிறது வேற, நடக்கிறது வேறம்மா" என்றார்.

நடைப்பயிற்சி போதாதா, எதற்கு ஓட்டம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து நடந்தோம். நடந்ததைவிடப் பேசியதுதான் அதிகம். அதைத்தான் அவரிடம் காரணமாகச் சொன்னேன். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. ஏழாம் வகுப்பு வரைக்கும் நான் நன்றாக ஓடுகிற பெண். அதற்குப் பிறகு ஓடவில்லை. யார் நிறுத்தினார்கள் என்று கேட்டால் ஒருவரைக் கைகாட்ட முடியாது. பாட்டி ஒன்று சொன்னார், அம்மா ஒன்று சொன்னார், பாவாடை தாவணி வந்தது, நானும் நின்றுவிட்டேன். இங்கே இருக்கிற சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முதல் நாள் வீட்டிலிருந்து வாய்க்கால் மதகு வரை ஓடினேன். 200 மீட்டர் இருக்கும். மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கூச்சத்தை விட்டு, எங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டேன். அவர் ஒரு ஒன்பது வாரத் திட்டத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தார். ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் உருவாக்கியது. ஓட்டமே பழகாதவர்களுக்காக உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள்தான். முதல் வாரம், ஐந்து நிமிடம் வேகநடை, அதன் பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். கணக்கு டீச்சர் இல்லையா, உடனே வகுத்துப் பார்த்தேன். எட்டு முறை ஓட வேண்டும். மொத்த ஓட்டமே எட்டு நிமிடம். இவ்வளவுதானா என்று அலட்சியமாகப் போனேன். ஐந்தாவது முறையோடு உட்கார்ந்துவிட்டேன்.

"எவ்வளவு வேகமா ஓடுனீங்க டீச்சர்?" என்று கேட்டார். முடிந்த வேகத்தில் என்றேன். "அதான் தப்பு. ஓடும்போது பேச முடியணும். பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கிட்டே ஓடுங்க. வாய்ப்பாடு தடுமாறுனா வேகத்தைக் குறைங்க."

பெரும்பாலும் பள்ளி மைதானத்தில், சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் ஓடுதளத்தில், காலை ஐந்தரை மணிக்கு ஓடினேன். சனிக்கிழமை மட்டும் வெண்ணாற்றங்கரைச் சாலை. சுடிதார், கேன்வாஸ் ஷூ, கையில் நாய்க்காக ஒரு குச்சி. பின்னால் பைக்கில் வந்த ஒரு பெற்றோர் வண்டியை ஓரம் கட்டி, "பஸ்ஸை விட்டுட்டீங்களா டீச்சர்? ஏறுங்க, அடுத்த ஸ்டாப்புல பிடிச்சிடலாம்" என்றார். நான் இல்லை என்று சொல்லியும் நம்பவில்லை. மூன்று சனிக்கிழமை கேட்டார். நாலாவது சனிக்கிழமை கேட்காமல் ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போனார்.

மூச்சு சீக்கிரம் பழகிவிட்டது. அதில்தான் ஏமாந்தேன். மூன்றாம் வாரம் முடிந்ததும் இரண்டு வாரத்தைத் தாண்டிக் குதித்தேன். முன்கால் எலும்பை ஒட்டி, உள்பக்கமாக ஒரு வலி வந்தது. படியில் இறங்கினால் உயிர் போகும். இதயமும் நுரையீரலும் பழகுகிற வேகத்துக்கு எலும்பும் தசைநாரும் பழகாது, அவற்றுக்குக் கூடுதல் காலம் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று வாரம் ஓய்வு. திரும்பி வந்தபோது, "இரண்டாம் வாரத்துலேருந்து தொடங்குங்க" என்றார் உடற்கல்வி ஆசிரியர். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலே என்ன கோபம்? முடித்த பாடத்தை மறுபடியும் படி என்றால் பிள்ளைகள் முகம் எப்படிப் போகும், அந்த முகம்தான் என் முகம்.

இனி நான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

அந்த ஆகஸ்டில் குறுவட்டப் போட்டிக்காக எங்கள் பெண் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் காலையில் மைதானத்துக்கு வருவார்கள். அதில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி. 800 மீட்டர் ஓடுகிறவள். கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில், என் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார்வாள். ஒருநாள் என்கூடவே அரைச் சுற்று மெதுவாக ஓடிவந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது கேட்டாள், "டீச்சர், இனிமே எங்க விளையாட்டு பீரியடை எங்களுக்கே விட்டுடுவீங்களா?"

குத்திக் காட்டவில்லை அவள். சாதாரணமாகக் கேட்டாள். எனக்கு வாய்ப்பாடு நின்றுபோனது.

அன்று வீட்டுக்குப் போய், முந்தைய கல்வியாண்டின் என் நாட்குறிப்பை எடுத்து எண்ணினேன். அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்த வருடம். அந்த ஒரு வகுப்பிடம் மட்டும் நான் வாங்கிய உடற்கல்விப் பாடவேளைகள் 31. கடன் என்றுதான் நாம் சொல்கிறோம். யாராவது திருப்பிக் கொடுத்திருக்கிறோமா? 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரத்துக்கு 420 நிமிடம். கால அட்டவணையில் நாங்கள் கொடுப்பது 45 நிமிடப் பாடவேளை இரண்டு, அதாவது 90 நிமிடம். அதிலும்தான் நான் கைவைத்தேன். காரணம் கேட்டால் தேர்ச்சி விகிதம் என்பேன். என்னை யார் நிறுத்தினார்கள் என்று சொல்லத் தெரியவில்லை என்றேனே, இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியும்.

இனி வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். இந்த இடத்தில் நீங்கள் கைதட்ட வேண்டாம். பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மறுபடியும் நாலு பாடவேளை வாங்கினேன். உடற்கல்வி ஆசிரியரும் வழக்கம்போல, "எடுத்துக்குங்க டீச்சர்" என்றார். வகுப்புக்குள் போனபோது அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. கால்சட்டைக்கு மேலே சீருடை போட்டுத் தயாராக இருந்தவள், பையைத் திறந்து கணக்கு நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அவள் இப்போது வேறு பள்ளியில் மேல்நிலை படிக்கிறாள். கணக்கில் தேறிவிட்டாள். அந்த நாலு பாடவேளையால்தான் தேறினாள் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கல்வியாண்டு ஜூனிலிருந்து ஒன்றுகூட வாங்கவில்லை. அதற்கு விலை இருக்கிறது. என் பாடப்பகுதி எட்டு நாள் பின்தங்கியிருக்கிறது. மெல்லக் கற்போருக்கு மாலையில் அரைமணி நேரம் கூடுதலாக உட்கார்கிறேன். தலைமை ஆசிரியருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. அவருடைய கவலையும் பொய் இல்லை. முடிவு என்ன என்று மார்ச் தேர்வுக்குப் பிறகு கேளுங்கள்.

ஓட்டத்துக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மைதானம் குளமாகக் கிடந்தது. ஜனவரியில் ஆண்டு விளையாட்டு விழா. ஆசிரியைகளுக்கான 100 மீட்டரில், நான்தான் ஓடுகிறவள் ஆயிற்றே என்ற நினைப்பில் புடவையைச் செருகிக்கொண்டு பாய்ந்தேன். அறுபதாவது மீட்டரில் தொடையின் பின்பக்கம் சுளீர் என்றது. ஒருமுறைகூடப் பயிற்சிக்கு வராத தையல் டீச்சர் முதல் பரிசாக டிபன் பாக்ஸ் வாங்கினார். எனக்கு ஐஸ் கட்டி.

ஒன்பது வாரத் திட்டத்தை முடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 25 சுற்று நிற்காமல் ஓடினேன். 5 கிலோமீட்டர், 43 நிமிடம். சுற்றுக்கு 103 விநாடி. வேகமாக நடக்கிறவர் இதே தூரத்தை 50 நிமிடத்தில் நடந்துவிடுவார். ஆக, ஓடி நான் மிச்சம் பிடித்தது ஏழு நிமிடம். சர்க்கரைச் சராசரி 5.8க்கு வந்திருக்கிறது. அதை ஓட்டத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. டீயில் சர்க்கரையையும் பதினோரு மணி வடையையும் விட்டுவிட்டேன். எடை குறைந்தது மூன்றே கிலோ. பத்து எதிர்பார்த்தேன். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்டு நாளைக்கே கிளம்பிவிடாதீர்கள், மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அந்த 25 சுற்றின் நேரங்களை எட்டாம் வகுப்பில் வரைபடமாகப் போடச் சொன்னேன். வேறொரு நாளின் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். ஒரு பையன் கோட்டைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த எடத்துல கோடு படுத்துக் கிடக்கு. நின்னுட்டீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அப்புறம் மறுபடி ஏறுதே!" என்றான். கால-தொலைவு வரைபடத்தை நான் இத்தனை வருடத்தில் இவ்வளவு சுலபமாக நடத்தியதில்லை.

இப்போது என் நிலைமை என்னவென்றால், குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடி முள்ளில் வைத்தது போல இருக்கும். நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிற பலருக்கும் தெரிந்த வலிதான். ஆறு வாரம் ஓடவில்லை. கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி செய்தேன், வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டேன். இப்போது குறைந்திருக்கிறது. மறுபடியும் மூன்றாம் வாரத்தில் நிற்கிறேன். நாளை அதில் இரண்டாம் நாள். 90 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, மூன்று நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. இதையே இன்னொரு தடவை. உடற்கல்வி ஆசிரியர் விசிலோடு நிற்பார். இந்த வருடக் குறுவட்ட அணிப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் ஒரு சுற்று என்னைத் தாண்டும்போது, "வாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மணி நாலரை ஆகிறது. 4.50க்கு விட்டால் அடுத்த பஸ் ஆறே காலுக்குத்தான். அதையும் விட்டுவிட்டு வீடு வரை ஓடுகிற அளவுக்கு நான் இன்னும் வரவில்லை.