விற்க நினைத்த வீடும் செய்யத் தகும் செப்பமும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

வீட்டை விற்குமுன் அதற்கு எவ்வெச் செப்பங்களைச் செய்யலாம், எவற்றை விடலாம் என்பதே இன்று எனக்கு இட்ட பொருள். தமிழாசிரியன் ஒருவன் காரையையும் கல்லையும் பற்றிப் பேசப் புகுந்தானே என்று சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். யான் வீடொன்றை விற்றவன். விற்றதில் தவறியவனும் ஆவேன். அத்தகுதி பற்றியே இதனை மேற்கொண்டேன்.

நம்மவருள் பலர்க்குச் சொந்த ஊரில் தந்தைவழி வந்த வீடொன்று பூட்டிக் கிடக்கின்றது. மக்கள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். பொங்கலுக்கு ஒருமுறை வந்து விளக்கேற்றிச் செல்வதோடு சரி. உடன்பிறந்தார் கூடி, விற்றுவிடலாம் என்று முடிவு செய்த அப்பொழுதே, "கொஞ்சம் அழகு படுத்தினால் பத்து லட்சம் கூடுதலாகக் கிடைக்குமே" என்று ஒருவர் தொடங்குவார். பணம் வீணாகப் போவது பெரும்பாலும் அப்பேச்சிலிருந்தேயாம்.

முதற்கண் வினவற்பாலது, வாங்க வருபவர் வீட்டை வாங்குகின்றாரா, மனையை வாங்குகின்றாரா என்பது. கடைத்தெருவை அடுத்த பழைய வீட்டை வாங்குவோர் பெரும்பாலும் அதனை இடித்து மாடி கட்டவே வாங்குகின்றனர். அத்தகையார்க்கு நீங்கள் பதித்த கிரானைட்டும், தொங்கவிட்ட பொய்க்கூரையும், புதிய சமையலறை அலமாரிகளும் இடிபாட்டு வண்டியில் ஏறும் பொருள்களே. அளவு கூறுங் கல்லும், துப்புரவு செய்த கொல்லையும் அவர்க்குப் போதும். குடியிருக்க வாங்குவோரோ தம் மனம்போல் மாற்றிக்கொள்வர். நீங்கள் தேர்ந்த நிறம் அவர்க்குப் பிடிக்கும் என்பது என்ன உறுதி? எங்கள் வீட்டுக் கூடத்தின் பழைய சிவப்புத் தரையைப் பெயர்த்துக் கிரானைட் பதிக்க மூன்றரை லட்சம் ரூபாய் கேட்டார்கள். நல்லவேளையாக எங்கள் கையில் அத்தொகை அப்பொழுது இல்லை. வாங்கியவர் முதலிற் புகழ்ந்தது அத்தரையைத்தான்.

சுண்ணாம்பு வாளியைத் தொடுமுன் பத்திரப் பெட்டியைத் திறவுங்கள். பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருக்க மாட்டார்கள். வீட்டுவரி இரசீது ஒரு பெயரிலும் மின் இணைப்பு வேறு பெயரிலும் நிற்கும். வில்லங்கச் சான்றிதழைப் போட்டுப் பார்த்தால், என்றோ அடைத்து முடிந்த அடமானம் இரத்துப் பத்திரமின்றித் தலை நீட்டும். மேலும், பெண்மக்களை மறந்து பேரம் பேசாதீர்கள். தமிழ்நாட்டுச் சட்டம் 1989-இலேயே மணமாகாத மகளிர்க்குப் பிதிரார்ஜிதத்திற் பங்கு அளித்தது. 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் மகள் எவரையும் மகனுக்கு நிகராக்கிற்று. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமென்பதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. தங்கையின் கையெழுத்தில்லாத வீட்டிற்கு எவ்வளவு வர்ணம் பூசினாலும் அறிந்தவர் முன்பணம் கொடார்.

இனிக் கட்டடத்திற்கு வருவோம். நீர் புகும் வழியை அடைத்தலே முதற்செலவு. ஓட்டு வீடாயின் உடைந்த ஓடுகளை மாற்றுக. உளுத்த கைமரத்தை நீக்குக. உத்திரத்தின்மேற் செங்கல்லைச் செங்குத்தாய் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட பழைய தளமாயின், மழைநீர்த் தூம்பில் அடைத்துள்ள சருகை முதலில் எடுத்துப் பாருங்கள். பாதி ஒழுக்கு அதனாலேயே நிற்கும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால், இலையைக் கிள்ளுவது பயனற்றது. வேரோடு எடுத்துப் பிளவை அடைக்க வேண்டும். கறையான் ஏறிய நிலைக்கதவைச் சோதித்து மருந்திடுக. மரச்சட்டத்துள் ஓடும் பழைய மின்கம்பிகளை மாற்றி, கசிவு கண்டவுடன் மின்னைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துக. இது விலைக்காகவன்று, உயிர்க்காக. கதவு சாத்தப்படவும் குழாய் சொட்டாதிருக்கவும் செய்து, வீடு முழுதும் ஒருமுறை வெள்ளையடித்தால் அமையும். செலவுச் சீட்டுகளை மட்டும் எறியாதீர்கள். விற்ற ஆதாயத்திற்கு வருமான வரி கணக்கிடுங்கால், நிலையான மேம்பாட்டிற்குச் செய்த செலவைக் கழித்துக்கொள்ளலாம். வெள்ளையடித்த செலவைக் கழிக்க இயலாது.

இப்பொழுது என் தவற்றைச் சொல்லிவிடுகின்றேன். மயிலாடுதுறையில் எங்கள் தந்தையார் வீட்டில், கிணற்றை அடுத்த கொல்லைப்பக்கத்து அறையின் சுவர் மார்பளவு உயரத்திற்கு ஓதம் ஏறி உவர் பூத்திருந்தது. சுண்ணாம்பில் எழுப்பிய சுவர் அது. உறிஞ்சிய ஈரத்தை அது வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். தந்தையார் காலத்தில் யாரோ அதன்மேற் சிமெண்டு பூசினர். வெளியேற இடமின்றி ஈரம் மேலே ஏறிற்று. 2019 தை மாதத்தில் விலை பேச ஒருவர் வருவதாயிருந்தது. வயது முதிர்ந்த கொத்தனார் ஒருவர் பார்த்துவிட்டு, "சிமெண்டைக் கொத்தி எடுத்துட்டு, வெளிய தண்ணி நிக்காம வாட்டம் பண்ணி, சுவரை மூணு மாசம் காய விடணுங்க. அப்புறம் சுண்ணாம்புப் பூச்சுதான்" என்றார். மூன்று மாதம் பொறுக்க எங்களுக்கு மனமில்லை. பதினெண்ணாயிரம் ரூபாய் செலவில் பட்டி பார்த்து வர்ணம் அடித்தோம். வந்தவர் கேட்டபொழுது, "அந்த அறை சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும்" என்றேன். இலக்கணத்தில் மங்கலம் என்றொரு வழக்கு உண்டு. தீயதை நல்ல சொல்லாற் கூறுவது. யான் கூறியது அவ்வழக்கில் அடங்காது.

வாங்கியவர் நம்மவர், எனக்குத் தமையனார் முறை. ஐப்பசி அடைமழையில் வர்ணம் கொப்புளித்து உதிர்ந்திருக்கின்றது. மறு தையில் ஒரு திருமணத்திற் கண்டேன். சுவரைப்பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. "தம்பி, அம்மாவை அந்த அறையிலேதான் படுக்க வைத்திருந்தேன். இருமல் நிற்கவில்லை. இப்போது கூடத்துக்கு மாற்றிவிட்டேன்" என்றார், பின்பு, "சாப்பிட்டீர்களா?" என்று வினவினார். பந்தியில் எனக்கு இட்ட இலையில் என்ன பரிமாறினார்கள் என்பது நினைவில்லை.

என் இளவல், "அவர்தாம் வீட்டைப் பார்த்துத்தானே வாங்கினார், சட்டப்படி நம்மேல் குற்றமில்லை" என்றான். யான் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், சாதாரணக் கவனத்தாற் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறையை வெளியிடல் வேண்டும் என்கின்றது. வெளியிடாமை வஞ்சகம் என்றும் கூறுகின்றது. அச்சுவரின் ஓதம் தையில் எவர் கண்ணுக்கும் புலப்பட்டிருக்கும், யான் அதனை மூடாதிருந்திருந்தால்.

அதே கொத்தனாரை அழைத்துச் சென்று வேலையை முடித்தேன். அறுபத்திரண்டாயிரம் ஆயிற்று. உடன்பிறந்தாரிடம் கேட்கவில்லை. முன்னரே உண்மையைச் சொல்லி விலையிற் குறைத்திருந்தால் ஐம்பதினாயிரத்தோடு போயிருக்கும் என்று அவரே பிற்பாடு சொன்னார். ஆதலின், செப்பஞ்செய்ய நேரமோ பொருளோ இல்லாத குறையை மூடாமற் காட்டுங்கள். கிரய ஒப்பந்தத்தில் எழுதியும் விடுங்கள்.

பெயர்த்தெடுக்கும் பொருள்களைப்பற்றி ஒன்று. மேற்கூறிய சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிடின், பூட்டு, சாவி, கதவு, சன்னல் முதலாக நிலையான உபயோகத்திற்கு அமைத்தவை யாவும் வீட்டோடு போகும். காரைக்குடியிற் பழம்பொருட் கடைகளில் தூண்களும் கதவுகளும் என்ன விலை போகின்றன என்பதை அறிந்த சிலர், முன்பணம் வாங்கியபின் இரவோடிரவாக நிலைக்கதவைக் கழற்றிப் பழிக்கு ஆளாயினர். வேண்டுவது எதுவோ அதனை முன்னரே எழுதுங்கள். எங்கள் தங்கை கூடத்து ஊஞ்சற் பலகையைக் கேட்டாள். ஒப்பந்தத்தில் ஒருவரி எழுதினோம். இப்பொழுது அது திருச்சியில் அவள் வீட்டில் ஆடுகின்றது. அந்த வீட்டுத் தளம் தாழ்வு. சங்கிலியில் நான்கு கண்ணிகளை எடுக்க வேண்டியதாயிற்று.