பலகையும் பசையும்

கப்பலின் உடலை மூடும் பலகைகளைப் பிரியாமல் பிடித்து வைப்பது எது? இக்கேள்விக்கு ஒவ்வொரு கரையும் தனக்குரிய விடையைக் கண்டுள்ளது. சோழமண்டலக் கரையில் அலைகளைக் கடந்து சென்ற மசூலாப் படகின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கினால் கட்டி 1817-ஆம் ஆண்டில் நீரில் இறக்கிய கப்பல் ஒன்று, இலங்கையின் திருகோணமலைத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கியது. இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்னும் ஊரில் அது இன்றும் காட்சிக்கு மிதக்கிறது. அதன் பலகைகளை ஆணிகள் பற்றியுள்ளன. ஆனால், அத்தகைய கப்பலை நாம் மேசைமேல் வைக்கும் மாதிரியாகச் செய்யும்பொழுது, பலகை 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள சிறு கீற்றாகிவிடுகிறது. அங்கே கயிற்றுக்கும் ஆணிக்கும் இடம் ஏது? பசையே அவ்வேலையை ஏற்க வேண்டும்.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், "ஐயா, எந்தப் பசை மிகவும் வலியது?" என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. "கைக்கு எவ்வளவு நேரம் தருகிறது, பின்னர்ப் பிரிக்க இடம் தருகிறதா என்று கேளுங்கள்" என்பதே என் மறுமொழி. ஏனெனில், நன்கு பொருந்திய இரு மரத்துண்டுகளை நல்ல பசை பற்றிவிட்டால், இழுக்கும்பொழுது பெரும்பாலும் மரமே கிழியும். வலிமையில் குறை நேர்வது அரிது.

நம் தச்சர்கள் பழங்காலந்தொட்டு அறிந்தது வச்சிரம். விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் இதனை வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து இளக்கிப் பூசுவார்கள். இப்பொழுது அதன் இடத்தைப் பெரும்பாலும் வெள்ளைப் பசை பிடித்துக்கொண்டது. ஃபெவிக்கால் இவ்வினத்தது. பாலிவினைல் அசிட்டேட் என்னும் பொருளின் நுண்துகள்கள் நீரில் மிதப்பதே இப்பசை. நீர் மரத்திலும் காற்றிலும் சென்று மறைய, துகள்கள் நெருங்கி ஒன்றிப் படலமாகின்றன. பால் நிறம் மாறித் தெளிவதைக் கண்ணால் காணலாம். கீற்றை நகர்த்திச் சரிசெய்யச் சில நிமிடங்கள் கிடைக்கும். அரைமணி நேரமேனும் அழுத்திப் பிடிக்க வேண்டும். முழு வலிமை பெற ஒரு நாள் ஆகும்.

இதற்கு நேர்மாறானது சயனோஅக்ரிலேட் என்னும் விரைவுப் பசை. 1942-இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்பவரின் ஆய்வில் வெளிப்பட்டு, 1958-இல் விற்பனைக்கு வந்தது. மரத்தின் மேலுள்ள இம்மியளவு ஈரமே இதனை இறுகச் செய்யும். சில நொடிகளில் பற்றிவிடும். திருத்த நேரம் தராது. இறுகியபின் நொறுங்கும் இயல்பும் உண்டு. கீழே விழுந்த மாதிரியில் பட்டென்று விட்டுவிடலாம். இதன் ஆவி கண்ணைக் கரிக்கும். ஆகவே சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்க. விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்லப் பிரிக்கவும்.

இனிச் செய்முறை. முதலில் கப்பலின் குறுக்குச் சட்டங்களின் விளிம்பை உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்து, கீற்று முழு அகலத்தோடும் படியுமாறு செய்க. முகப்பில் வளைய வேண்டிய கீற்றை நீரில் ஊறவைத்து, வளைத்துக் கட்டி, நன்றாக உலரவிட்ட பின்னரே ஒட்டுக. ஈரத்தோடு ஒட்டினால், உலரும்பொழுது அது சுருங்கி இடைவெளி காட்டும். நேரான கீற்றைப் பசையின் வலிமையால் வளைத்து நிறுத்த எண்ணாதீர்கள். அது நிமிர்வதற்கு ஓயாமல் முயன்றுகொண்டே இருக்கும். தேக்குக் கீற்றாயின் அதில் எண்ணெய்த் தன்மை உண்டு. ஒட்டுமுன் ஸ்பிரிட் தோய்ந்த துணியால் துடைத்துக்கொள்க.

சட்டங்களின்மீது வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். துணிக்குத்தும் கிளிப்பும் குண்டூசியும் அழுத்திப் பிடிக்க உதவும். அவை எட்டாத இடத்தில் மூன்று சட்டங்களுக்கு ஒன்றாக, வெள்ளைப் பசை படாத இடத்தில், விரைவுப் பசையை ஒரு துளி வைக்கலாம். மெதுவாக உலரும் பசை பற்றும்வரை அத்துளி கைபோல் பிடித்துக்கொள்ளும். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கம் ஒன்று ஒட்டுக. ஒரே பக்கமாக ஒட்டிச் சென்றால் கப்பலின் முதுகெலும்பே முறுக்கிக்கொள்ளும். வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுக. பசை உலர்ந்த இடத்தில் பின்னர்ப் பூசும் சாயம் ஏறாது.

பிரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வச்சிரம் வெந்நீருக்கு இளகும். வெள்ளைப் பசை மிதமான சூட்டுக்கும் ஸ்பிரிட்டுக்கும் இளகும். ஒரு கீற்று கோணினால் அதனை மட்டும் எடுத்து மாற்றலாம். நன்கு செய்த மாதிரி, செய்தவரின் காலத்துக்குப் பின்னும் இருக்கும். அதனைப் பழுதுபார்க்கப் போகும் கைக்கும் நாம் வழி விட்டுவைக்க வேண்டும் அன்றோ?

கப்பலைத் தொடங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மிஞ்சிய இரு மரத்துண்டுகளை ஒட்டி, மறுநாள் ஒடித்துப் பாருங்கள். பசைக்கோட்டில் வழவழப்பாகப் பிரிந்தால், பொருத்தமோ பொறுமையோ குறைந்தது என்று அறிக. மரநார் கிழிந்து வந்தால், நீங்கள் கப்பலைத் தொடங்கலாம்.