ஆறடி இறக்கையும் அட்லாண்டிக் கடலும்

பால்சா என்றொரு மரம், தக்கையைவிட லேசு. அமெரிக்காவில் மேனார்ட் ஹில் என்ற பெரியவர் அதைச் சீவி ஒட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாள் போர்த்தி, வீட்டுப் பட்டறையிலேயே ஒரு மாதிரி விமானம் செய்தார். இறக்கை ஆறடி. எரிபொருளோடு சேர்த்தும் எடை 5 கிலோவைத் தாண்டவில்லை. அப்போது அவருக்கு வயது 77. பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது, காதும் சரியாகக் கேட்கவில்லை. விரல்கள் போதும் என்று நினைத்தாரோ என்னவோ!

அட்லாண்டிக்கைத் தாண்ட அவர் முன்னே அனுப்பிய விமானங்கள் கரை சேரவில்லை. 2003 ஆகஸ்டில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து இதைக் கையால் வீசிப் பறக்கவிட்டார்கள். ரேடியோ ரிமோட் எட்டும் தூரம்வரைதானே மனிதன் ஓட்ட முடியும்? நடுக்கடலில் ஜி.பி.எஸ். கருவி வழி பார்த்துக்கொண்டது. அயர்லாந்தில் காத்திருந்தவர்கள் மறுபடி ரிமோட்டால் பிடித்து, பத்திரமாகத் தரையிறக்கினார்கள்.

சுமார் 3,000 கிலோமீட்டர். 38 மணி 52 நிமிடம். குடித்த எரிபொருளோ 4 லிட்டர்கூட இல்லை. நம்ம ஸ்கூட்டர் அதில் திருச்சியிலிருந்து மதுரை போய்த் திரும்புவதே சந்தேகம்! இறங்கிய இடம் கிளிஃப்டன் ஊருக்குப் பக்கம். 1919-ல் ஆல்காக், பிரவுன் என்ற இருவர் முதன்முதலாக விமானத்தில் எங்கும் நிற்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து இறங்கியதும் அதே வட்டாரத்தில்தான்.