மண்சோறு

(ராஜா அண்ணாமலைபுரத்தில் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியது)



குழந்தைகள் விளையாட்டைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளை. இது ஒரு விஷயமா என்று சிலர் நினைக்கலாம். மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து, "விளையாடினது போதும், எழுது" என்று அதட்டுகிற வீடுகள் இந்தப் பேட்டையில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

இங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் பிரம்மஞான சபைத் தோட்டம். அங்கேதான் 1939-ல் இத்தாலி தேசத்து மரியா மாண்டிசோரி அம்மையார் வந்து, சுமார் 300 பேருக்கு உபாத்தியாயப் பயிற்சி கொடுத்தார். குழந்தையை அதட்டாதே, அதன் போக்கில் கற்க விடு என்ற அந்த அம்மையாருக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் பாவனை விளையாட்டை அவர் அவ்வளவாக மதிக்கவில்லை. பொய்ச் சமையலைவிட மெய்யாகவே பாத்திரம் துலக்கக் கொடுப்பது மேல் என்பது அவர் கொள்கை. கற்பனைக் கதை, கண்டதையெல்லாம் நம்பும் புத்தியை வளர்க்கும் என்றும் அஞ்சினார்.

பகுத்தறிவு பேசுகிற நமக்கு இது இனிக்கத்தான் செய்யும். ஆனாலும் சொன்னவர் யார் என்பதை விட்டுவிட்டு விஷயத்தைப் பார்ப்போம். சொப்பு வைத்து மண்சோறு ஆக்குகிற குழந்தை அதைத் தின்கிறதா? நீங்கள் மெய்யாகவே வாயில் போடப் போனால், "ஐயோ, அது மண்ணு!" என்று கையைத் தட்டிவிடும். மண் என்பதும் அதற்குத் தெரியும். சோறு என்று வைத்துக்கொண்டோம் என்பதும் தெரியும். கல்லுக்குச் சோறு படைக்கிற பெரியவர்களுக்கு இந்தத் தெளிவு இருந்தால் நமக்கு இங்கே வேலையே இல்லை!

ரஷ்ய மனோதத்துவ அறிஞர் வைகாட்ஸ்கி 1933-ல் செய்த ஒரு சொற்பொழிவில் குச்சிக் குதிரையை வைத்து இதை விளக்கினார். குச்சியைக் குதிரையாக்கும்போதுதான் பொருளிலிருந்து அர்த்தத்தைத் தனியே பிரிக்கக் குழந்தை பழகுகிறதாம். 'அ' என்ற கோடு ஓர் ஓசைக்குப் பதிலாக நிற்கிறது என்பதும் அந்த வித்தைதானே? அதைப் பிடுங்கிவிட்டு எழுத்தைக் கேட்டால் எங்கிருந்து வரும்?

பந்தும் மரக்கட்டையும் கொடுத்துக் குழந்தைகளை விளையாட விட்ட பிரோபெலின் பள்ளிகளை, நாஸ்திகம் பரப்புகின்றன என்று பிரஷிய சர்க்கார் 1851-ல் தடைசெய்தது. 1860-ல்தான் தடை நீங்கிற்று. விளையாட்டைக் கண்டு சர்க்காரே பயந்திருக்கிறது!

நம் அங்கன்வாடியைச் சோற்றுக்கூடம் என்று இளக்காரம் பேசுகிறோம். அங்கே ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் பாடத்திட்டத்திலேயே இடமுண்டு. பணத்தைக் கொட்டி நாம் தேடிப்போகும் பள்ளிகள் பலவற்றில் அது இல்லை.

இன்னொன்று. பெண்ணுக்குச் சொப்பு, பையனுக்கு வண்டி என்று பிரிப்பது குழந்தைகளல்ல, நாம். பையன் சோறாக்கட்டும், பெண் பஸ் ஓட்டட்டும். பள்ளியில் சேர்க்கப் போகும்போது, எத்தனை எழுத்து கற்பிப்பீர்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை நாழி விளையாட விடுவீர்கள், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே சொப்பில் சமைப்பார்களா என்று கேளுங்கள். விழிக்கிற பள்ளிக்குப் பணம் கட்டாமல் திரும்பி வாருங்கள்.