செவ்வயிற்று நியூட்

ஜப்பான் நாட்டு நெல்வயல்களில் வாழும் ஒரு சிற்றுயிரைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். மேலிருந்து நோக்கினால் அது கருநிறப் பல்லி போலவே தோன்றும். புரட்டிப் பார்த்தாலோ, குங்குமம் குழைத்துப் பூசியது போன்ற செந்நிற வயிறும் அதன்மீது தெளித்த கரும்புள்ளிகளும் கண்ணைப் பறிக்கும். ஒரு சாண் நீளமும் இல்லாத இவ்வுயிருக்குச் செவ்வயிற்று நியூட் என்று பெயர்.

தோற்றத்தில் பல்லியை ஒத்திருப்பினும் இது பல்லியினம் அன்று, தவளைக்கு உறவு. தவளைக்கு இளமையிலே மறைந்துவிடும் வால், இதற்கு வாழ்நாள் முழுவதும் நிலைத்திருக்கிறது. இத்தகைய வாலுடைய இனம் எதுவும் தென்னிந்தியாவில் இல்லை; ஆதலின் தமிழில் இதற்குப் பழம்பெயரும் இல்லை. பாரதத்தில் டார்ஜிலிங் முதலான கிழக்கு இமயப் பகுதிகளிலும் வடகிழக்கு மலைகளிலும் மட்டுமே இதன் உறவினங்கள் உள்ளன. பணியின் பொருட்டு அங்கே குடியேறிய நம்மவர் சிலர் அவற்றைக் கண்டிருக்கவும் கூடும்.

பெயர்களோடு நாள்தோறும் போராடும் மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு ஜப்பானியர் இட்ட பெயர் பெரிதும் சுவை தருகிறது. வீட்டுச் சுவரில் ஊரும் பல்லியை அவர்கள் ‘யாமோரி’ என்பர். அச்சொல்லை வீட்டுக் காவலன் என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதுவர். நீரில் வாழும் இதனை ‘இமோரி’ என்பர். அதனை எழுதும் முறையோ கிணற்றுக் காவலன் என்று பொருள்படும்.

நிற்க. இக்காவலனின் செவ்வயிறு வெறும் அழகுக்காக அமைந்ததா? அன்று. அதன் தோலில் டெட்ரோடோடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கடலில் வாழும் பேத்தை மீனின் நஞ்சும் இதுவே. நரம்புகளின் வழியே செய்தி செல்லாதவாறு தடுப்பது இதன் தொழில். பகை நெருங்கும்போது நியூட் தலையையும் வாலையும் மேலே வளைத்துத் தன் செந்நிறத்தைக் காட்டும். ‘என்னை உண்டால் உனக்கே கேடு’ என்று வாய் பேசாமல் உரைக்கும் எச்சரிக்கை அது.

காதலிலும் இதற்கு ஒரு தனிமொழி உண்டு. ஆண், பெண்ணின் முகத்தருகே வாலை விசிறிபோல் அசைத்து, தன் உடலிலிருந்து கசியும் ஒரு பொருளை நீரோட்டத்தில் செலுத்துகிறது. அப்பொருளை 1995இல் பிரித்தறிந்த ஜப்பானிய அறிஞர், ‘சட்டைக்கையை வீசுதல்’ என்னும் பழஞ்சொல்லினின்று அதற்கு ‘சோடெஃப்ரின்’ எனப் பெயரிட்டனர். நீண்ட சட்டைக்கையை வீசிக் காட்டுவது பண்டைய ஜப்பானியக் கவிதையில் அன்பின் அடையாளம்.

இதனினும் வியப்பு, இழந்த உறுப்பை மீட்கும் ஆற்றல். கால் போனால் கால் முளைக்கும். வால் போனால் வால் முளைக்கும். கோரோ எகுச்சி என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும், ஒரே நியூட்டுகளின் கண்ணிலிருந்து லென்ஸ் எனப்படும் வில்லையை 16 ஆண்டுகளில் 18 முறை அகற்றினர். ஒவ்வொரு முறையும் கருவிழியின் மேற்புற நிறச் செல்களிலிருந்து புதுவில்லை தோன்றியது. முதுமையில் தோன்றிய வில்லையும் இளமைக்குரிய வில்லையைப் போலவே இருந்தது என்று 2011இல் அவர்கள் அறிவித்தனர்.

இவ்வளவு வல்லமை படைத்த உயிருக்கும் தானே ஆக்கிக்கொள்ள இயலாத பொருள் ஒன்று உண்டு. அதுவே அந்தச் செந்நிறம்! செம்மைக்குக் காரணமான கரோட்டினாய்டு என்னும் நிறப்பொருளை அது நீரிலுள்ள சிற்றுயிர்களை உண்டே பெறுகிறது. அத்தகைய உணவின்றித் தொட்டியில் வளர்ந்தவற்றின் வயிறு வெளிறிய மஞ்சளாகவே நின்றுவிடுகிறது. ஆகவே அதன் வயிற்றில் நாம் காணும் செம்மை, வயல்நீர் அளித்த கொடையாகும்.

அவ்வயல்நீரோ இன்று குன்றிவருகிறது. மண் வாய்க்கால்கள் சிமெண்டுக் கால்வாய்களாயின. அறுவடைக்குப்பின் வயல்கள் முற்றிலும் வறண்டன. மலையோரச் சிற்றூர்களில் உழுவாரின்றி வயல்கள் தரிசாயின. வளர்ப்போருக்கு விற்பதற்காகப் பிடிப்பாரும் உளர். ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தன் சிவப்புப் பட்டியலில் இதனை அழிவை நெருங்கும் நிலையில் உள்ள உயிராகக் குறித்துள்ளது. கண்ணைப் பதினெட்டு முறை புதுப்பிக்க வல்ல உயிரால் ஒரு வாய்க்காலைப் புதுப்பிக்க இயலவில்லை. அது மனிதர் செய்ய வேண்டிய பணியன்றோ?

நேயர்களே, பிறந்த ஊரைவிட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நாமும் அவ்வூர்களின் நீரையே பருகி வாழ்கின்றோம். அங்குள்ள குளமும் ஓடையும் யாருடையவோ என்று வாளாவிருத்தல் நமக்குத் தகாது. கரையோரம் சிறிது மண்ணும் புல்லும் எஞ்சியிருந்தால், பெயரறியாத எத்தனையோ உயிர்கள் அங்கே பிழைத்துக்கொள்ளும்.