மோட்டார்க் கொட்டகையில் மின்கம்பிக்குக் காப்புறை

வீட்டின் முன்மண்டபத்துக்கு மின்னிணைப்புச் செய்யும்போது சுவரைத் தோண்டிக் குழாய் பதித்து, மேலே சாந்து பூசி, கம்பியின் சுவடே தெரியாதவாறு மறைத்துவிடுவர். அதே வீட்டுக்காரர் மோட்டார் வண்டி நிற்கும் கொட்டகைக்கு வந்ததும் மனம் மாறிவிடுகிறார். ஒரு விளக்குந்தானே என்றெண்ணி, சுவரின் மேலாகவே வெறுங் கம்பியை ஓடவிட்டு, நாலு ஆணியால் இறுக்கி அமைதியடைகிறார்.

சுவரின் மேற் கம்பி செல்வதிற் பிழையில்லை. ஆணி அறைபவன் அதனைக் கண்டு விலகுவான். பழுதும் எளிதிற் புலப்படும். ஆனாற் கொட்டகை ஏனைய அறைகளைப் போன்றதன்று. அங்கே ஏணியும் மண்வெட்டியும் சுவரிற் சாத்தப்படும். பின்னோக்கி வரும் வண்டி சிலவேளை சுவரை உரசும். நெல் மூட்டை இருந்தால் எலியும் வரும். இலங்கை வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று மின்சாரம். உறை கிழிந்த கம்பியை, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை தொட்டால் உயிரே போய்விடலாம்.

முற்காலத்தில் இரு பள்ளங்கள் வெட்டிய மரச்சட்டத்துக்குள் கம்பிகளை வைத்து, மரமூடி கொண்டு மூடினர். ஈரமும் கறையானும் அதற்குப் பகை. இன்று அதன் இடத்தைப் பீ.வீ.சி. பிடித்துள்ளது. அதில் இருவகை உண்டு. மூடி பொருத்திய சதுர உறை பார்வைக்கு அழகானது. ஓர் இடி பட்டாலோ மூடி கழன்றுவிடும். ஆகவே அது கொட்டகைச் சுவரின் கீழ்ப்பகுதிக்கு ஏற்றதன்று. மின்கம்பிக்கென்றே செய்யப்பட்ட, தடித்த, 20 அல்லது 25 மில்லிமீற்றர் வட்டக் குழாயே நல்லது. அது துருப்பிடிப்பதில்லை, உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் இஃது சிறிய நன்மையன்று. வெயிலில் நீள்வது அதன் இயல்பு: 3 மீற்றர் குழாய், வெப்பம் 20 பாகை உயர்ந்தால், ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் நீளும். பொருத்துகளிற் சிறிது இடம் விடாத வேலையாளின் குழாய் சில மாதங்களில் வில்லாக வளைந்து நிற்பதைக் காணலாம். தோட்டத்துக்கு நீர்பாய்ச்சி மிஞ்சிய பொலித்தீன் குழாயைக் கம்பிக்கு உறையாக்கும் சிக்கனக்காரரும் உளர். தீப்பிடித்தால் அது மெழுகுதிரி போல் உருகி எரியும். அந்தச் சிக்கனம் வேண்டாம்.

இடியும் எலிப்பல்லும் தாங்க வல்லது நாகம் பூசிய உருக்குக் குழாய். ஆனால் அதனைப் போடுவோர் சில கடமைகளை ஏற்கின்றனர். அறுத்த முனையின் கூரை அராவி நீக்கி, வளையம் பொருத்த வேண்டும். இல்லையேற் காக்க வந்த குழாயே கம்பியின் உறையைக் கிழிக்கும். ஒரு சுற்றின் போகும் கம்பியும் மீளும் கம்பியும் ஒரே குழாயினூடு செல்ல வேண்டும். பிரித்துவிட்டாற் குழாய் சூடேறும். எல்லாவற்றிலும் முதன்மையானது, குழாயைப் புவியுடன் இணைப்பது. புவியிணைப்பு இல்லாத இரும்புக் குழாயினுள் ஒரு கம்பி பழுதானால், சுவர் முழுவதும் ஓடும் குழாயே மின்னேறிக் கொல்லும் பொருளாகிவிடும்.

பெரும்பாலான வீடுகளுக்குச் செலவும் காப்பும் ஒத்துவரும் வழி, கம்பியைக் கூரையை ஒட்டி உயரத்திற் பீ.வீ.சி. குழாயிற் கொண்டுசென்று, ஆளுயரத்துக்குக் கீழே இறங்கும் துண்டுக்கு மட்டும் உருக்குக் குழாய் இடுவதாகும். இங்கே பலர் மறப்பது ஒன்றுண்டு: பீ.வீ.சி. மின்னைக் கடத்தாது, ஆதலால் அந்தச் சிறு இரும்புத் துண்டுக்கும் தனியே புவிக்கம்பி வேண்டும். குழாயைப் பிடிக்கும் பட்டைகள் உலோகமாயிருத்தல் நன்று. தீயில் பிளாத்திக்குப் பட்டை இளகிக் கம்பிகள் கீழே தொங்கி, உள்ளே நுழைவோரைச் சிக்கவைத்த அனுபவத்தால், பிரித்தானிய மின்னிணைப்பு விதிகள் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் இதனை எல்லாக் கட்டடங்களுக்கும் வலியுறுத்தின.

எந்த உறையாலும் தடுக்க முடியாத ஆபத்தும் ஒன்று கொட்டகையில் உண்டு. பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தேங்கும். சாதாரணக் குழாய் அதற்குத் தடையன்று. ஆளியிலே தோன்றும் சிறு பொறி அதற்குப் போதும். ஆகையால் ஆளிகளும் செருகுமிடங்களும் இணைப்புப் பெட்டிகளும் இடுப்புயரத்துக்கு மேலேயே இருக்கட்டும்.

கசிவு மின்னை உணர்ந்து சுற்றைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் துண்டிப்பானின் வேலையையும் குழாய் செய்யாது. கொட்டகைச் சுற்று அதன் காவலுக்குள் வருகிறதா என்பதை மின்வேலையாளிடம் கேட்டறிய வேண்டும். வேலை முடிந்ததும், பணம் கொடுக்குமுன், உருக்குக் குழாயின் புவியிணைப்பை மானியால் அளந்து காட்டும்படி கேட்பதில் அவருக்கு மனக்குறை இராது. நல்ல வேலையாள் கேளாமலே காட்டுவார்.