முரசறையாத சட்டம்

(பயிற்சிப் பாசறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முடியரசுக் காலத்தில்கூட, மன்னன் ஓர் ஆணை பிறப்பித்தால் யானைமீது முரசேற்றித் தெருத்தெருவாக அறைவித்தான். ஆணை மன்னனுடையது, அதில் மக்களுக்குப் பங்கில்லை. எனினும், அறியாத ஆணைக்கு எவரையும் கட்டுப்படுத்தலாகாது என்னும் அளவுக்கேனும் அறம் அன்று இருந்தது. இன்று நடப்பது குடியரசு. சட்டம் மக்கள் பெயரால் பிறக்கின்றது. ஆயினும், மக்களைக் காக்கவென்றே பிறந்த சட்டமொன்று, மக்கள் செவிக்கு எட்டாமல் ஏட்டிலே உறங்குகின்றது. அதுபற்றியே உங்களோடு பேச விழைகின்றேன்.

2017 ஆகஸ்டு 24ஆம் நாள், புட்டசாமி வழக்கில், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்: தனிமனிதனின் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று. ஆறாண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மேலும் ஈராண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வர, அந்நாளிலிருந்து 18 மாத அவகாசம்! உரிமை நடந்து வருகின்றது, தோழர்களே. கொள்ளையோ பறந்து வருகின்றது.

அச்சட்டம் தருவது என்ன? உன் விவரத்தை எதற்காகக் கேட்கின்றோம் என்று கேட்பவன் சொல்லியாக வேண்டும். நீ மனமுவந்து தந்தால்தான் ஒப்புதல். தந்த ஒப்புதலை, தந்த அளவு எளிதாகவே திரும்பப் பெறலாம். தவறான விவரத்தைத் திருத்தவும், தேவை முடிந்ததை அழிக்கவும் கோரலாம். விவரம் களவுபோனால் உனக்குச் சொல்லியாக வேண்டும். காவாது விட்டவர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அளித்தாக வேண்டும். தமிழ் அவற்றுள் ஒன்று. தமிழிலே காட்டு என்று கேட்கும் உரிமை, நாளை நம் பாட்டாளிக்கும் உண்டு.

ஆனால், எத்தனை பேர் இதை அறிவர்? துணிக்கடையிலே வேட்டி வாங்கப் போனவரிடம் செல்பேசி எண்ணைக் கேட்கின்றனர், சொல்கின்றார். விடுதியிலே அறை கேட்டால் ஆதார் அட்டையின் நகலை வாங்கி அடுக்குகின்றனர், தருகின்றார். வேட்டிக்கும் எண்ணுக்கும் என்ன உறவு? ஒருவரும் கேட்பதில்லை. கேட்கலாம் என்று அவருக்குச் சொன்னவர் யார்?

இங்கேதான், தோழர்களே, கூர்ந்து நோக்க வேண்டிய கதை ஒன்று இருக்கின்றது. 2019இல் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட பழைய மசோதா, ஓர் ஆணையத்தை அமைக்க முனைந்தது. தரவுப் பாதுகாப்புப் பற்றிய விழிப்புணர்வை வளர்ப்பது அவ்வாணையத்தின் கடமை என்று அதிலே வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. 2022இல் அம்மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2023இன் சட்டத்தில் ஆணையம் போய் வாரியம் வந்தது. மீறலை விசாரிக்கும், தண்டம் விதிக்கும். அதன் பணிகளை அடுக்கும் பிரிவிலே, மக்களுக்கு எடுத்துச் சொல்லும் கடமை மட்டும் காணப்படவில்லை! அமைச்சகம் விளம்பரம் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். செய்யவில்லையே என்று சட்டத்தைக் காட்டிக் கேட்க வழியில்லை.

இது நம் நாட்டுக்கு இயலாததா? இல்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். மக்களுக்கு, சிறப்பாகப் பின்தங்கிய மக்களுக்கு, அச்சட்டத்தை விளக்கும் கல்வித் திட்டங்களுக்கு அதிலே இடமுண்டு. ஆட்சிமொழியில் எளிய வழிகாட்டி தொகுக்கவும் அது சொல்லிற்று. 2005இல் தோன்றிய எண்ணம், பிறகு ஏன் தோன்றவில்லை?

ஐரோப்பாவைப் பாருங்கள். 2018 மே முதல் அங்கே நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஒவ்வொரு நாட்டுக் கண்காணிப்பு அமைப்புக்கும் கடமைகளை வரிசைப்படுத்துகின்றது. ஆபத்து எது, விதி எது, உரிமை எது என மக்களுக்கு உணர்த்துவது அவற்றுள் ஒன்று. குழந்தைகளுக்கான முயற்சிகளில் தனிக் கவனம் வேண்டும் என்றும் அது கட்டளையிடுகின்றது. 1981 ஜனவரி 28இல் ஐரோப்பிய மன்றத்தின் தரவுப் பாதுகாப்பு உடன்படிக்கை கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. அந்நாளையே 2007 முதல் தரவுப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகின்றனர்.

விழா எடுத்தால் விழிப்பு வந்துவிடுமா என்று கேட்பீர்கள். வராது. தண்டனையும் பாடமாக வேண்டும். 2019 ஜனவரியில் பிரான்சு நாட்டு அமைப்பு, கூகுள் நிறுவனத்துக்கு 5 கோடி யூரோ தண்டம் விதித்தது. விவரங்கள் பல பக்கங்களில் சிதறிக் கிடந்தன, ஒப்புதல் முறைப்படி பெறப்படவில்லை என்று காரணங்களையும் ஊரறிய வெளியிட்டது. ஒப்புதல் என்றால் என்ன என்பதை, நூறு சுவரொட்டி சொல்லாததை, அந்த ஒரு தீர்ப்பு சொல்லிற்று.

அதனினும் பெரிய ஆசான் மக்கள் இயக்கம். மேற்கு ஜெர்மனியில் 1983 ஏப்ரலில் குடிக்கணக்கு எடுக்கவிருந்தனர். கேள்விகள் மிகுதி, விடைகள் எங்கெங்கு செல்லும் என்பதில் ஐயம். மக்கள் எதிர்த்தெழுந்தனர், அரசியல் சட்ட நீதிமன்றம் தடை விதித்தது. அவ்வாண்டு டிசம்பர் 15இல், தன்னைப் பற்றிய விவரம் எங்கு, எப்படிப் பயன்படவேண்டும் என்பதைத் தானே முடிவுசெய்யும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. முரசை மக்களே அறைந்தனர், நீதிமன்றம் செவிசாய்த்தது.

இங்கேயும் விளம்பரம் இல்லாமலில்லையே என்பர் சிலர். உண்டு. ‘கடவுச்சொல்லைச் சொல்லாதே! ஓடிபியைப் பகிராதே! இணைப்பைத் தொடாதே!’ தேவையான எச்சரிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால், எச்சரிக்கை வேறு, உரிமை வேறு. எச்சரிக்கை, ‘நீ கவனமாயிரு’ என்கின்றது. உரிமை, ‘அவனைக் கணக்குக் கேள்’ என்கின்றது. எச்சரிக்கையை மட்டும் ஓதிக்கொண்டிருந்தால், களவு நடந்த பின்னர், ‘சொன்னோமே, கேட்டாயா?’ என்று பறிகொடுத்தவன்மீதே பழி விழும். பூட்டாத கிடங்கின் காவலன் தப்பித்துக்கொள்வான். விழிப்புணர்வு என்னும் பெயரால் பொறுப்பை ஏழையின் தலைமீது ஏற்றுவது, விழிப்புணர்வு ஆகாது.

ஆகவே, நாம் கோர வேண்டுவன யாவை? மக்களுக்கு எடுத்துரைக்கும் கடமையை வாரியத்தின்மீது சட்டமே சுமத்த வேண்டும். தீர்ப்புகளின் சாரம் தமிழிலும் வர வேண்டும். பள்ளிப் பாடத்தில் இவ்வுரிமை இடம்பெற வேண்டும். நியாயவிலைக் கடையிலும், அஞ்சலகத்திலும், இ-சேவை மையத்திலும், புகாரை முதலில் நிறுவனத்திடமும், தீராவிடில் வாரியத்திடமும் தர வேண்டும் என்னும் முறை எழுதி ஒட்டப்பட வேண்டும்.

கோரிவிட்டுக் காத்திருப்பது நம் வழக்கமன்று. கிளைக்கழகம்தோறும் படிப்பகம் நடத்திப் பழகியவர்கள் நாம். ஏடு படிக்கத் தெரியாதவருக்குத் திண்ணையில் அமர்ந்து படித்துக் காட்டியவர்களின் வழிவந்தவர்கள். அடுத்த ஞாயிறன்று, உங்கள் தெருவில் பத்துப் பேரைக் கூட்டுங்கள். மூன்றே கேள்விகளைச் சொல்லிக்கொடுங்கள்: ‘எதற்காகக் கேட்கிறீர்கள்? எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? வேண்டாமென்றால் அழிப்பீர்களா?’

ஒன்றை மறவாதீர். உறுப்பினர் படிவமும் வாக்காளர் பட்டியலும் கையிலேந்தி வீடுவீடாகச் செல்பவர்கள் நாம். அம்மூன்று கேள்விகளையும் முதலில் நம்மிடமே மக்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும்! நேர்மையான விடையோடு செல்வோம். நம்மைக் கேட்கத் துணிந்த குடிமகன், நாளை நிறுவனத்தைக் கேட்பான். மறுநாள் அரசைக் கேட்பான்.